பள்ளிப் பிள்ளைகளின் மைப் பேனாவுக்கு நிப்பும் நாக்கும் தனியே கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே நோட்டு, பேனா விற்கும் சிறிய கடையை 31 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். எனக்கு முன் என் தந்தை அதே இடத்தில் கடை வைத்திருந்தார். பென்சிலை விட்டுப் பேனாவுக்கு மாறும் பிள்ளைகள் ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு என் கடைப் படியேறி வருவதைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், அவர்களுக்கென்று குறைந்த விலையில் விற்கப்படும் மைப் பேனாவைப் பற்றிச் சில வேண்டுகோள்களைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

பிள்ளை மைப் பேனாவைக் கையில் எடுத்துப் பார்க்கும். உடன் வந்த தாய் அதை வாங்கித் திரும்பக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு, "வேண்டாம் அண்ணாச்சி, ஒழுகிச் சட்டையெல்லாம் மையாகிவிடும், பால்பாயிண்ட் பேனாவே கொடுங்கள்" என்பார். இதே சொற்களை வாரத்துக்கு நான்கைந்து முறையாவது கேட்கிறேன். அவர்கள் சொல்வதைப் பொய் என்று என்னால் மறுக்க முடியவில்லை. இன்று 30 ரூபாய்க்கும் 60 ரூபாய்க்கும் நான் விற்கிற மைப் பேனாக்களில் ஒரு பகுதி உண்மையிலேயே ஒழுகுகிறது. வேறு சில, வாங்கிய மூன்றாம் நாளே எழுத மறுக்கின்றன. ஆனால் இந்தக் குறை மைப் பேனாவின் பிறவிக் குணம் அன்று என்பதும், பெரும்பாலும் ஐந்து நிமிட வேலையில் தீரக்கூடியது என்பதும், அந்த ஐந்து நிமிட வேலைக்கு வேண்டிய நிப்பு, அதன் அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கு என்னும் இரண்டு சிறு பொருள்கள் கடைகளுக்குத் தனியே வராமல் நின்றுபோனதுதான் பிள்ளைகளின் கையிலிருந்து மைப் பேனாவை விலக்கியது என்பதும் என் உறுதியான கருத்து.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளி விட்டதும் கடைக்கு வந்தாள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் கணுவரை நீலம். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த பேனாவை என்னிடம் நீட்டி, இதைச் சரிசெய்ய முடியாது என்றால் அம்மா குப்பையில் போடச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். மையை வடித்துவிட்டு, கழுத்துப் பகுதியைத் துணியால் பற்றி, நிப்பையும் அதன் அடியில் இருக்கும் நாக்கையும் சேர்த்து இழுத்தேன். கருப்புப் பிளாஸ்டிக்காலான அந்த நாக்கின் நடுவில் மை இறங்குவதற்காக ஓடும் காடியில், அச்சில் வார்த்தபோது வெட்டப்படாமல் விட்டுப்போன ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. முடியைவிடச் சற்றுத் தடிமன், அவ்வளவுதான். பிளேடின் முனையால் அதைச் சீவி எடுத்து, இரண்டையும் தண்ணீரில் அலசி, நிப்பின் பிளவு நாக்கின் காடிக்கு நேராக வரும்படி பொருத்தி அழுத்தினேன். மை ஊற்றி, பழைய நோட்டின் பின்னட்டையில் அவளையே எழுதச் சொன்னேன். தன் பெயரை எழுதினாள், பிறகு தன் ஊர்ப் பெயரையும் எழுதினாள், பிறகு எட்டு எட்டாகச் சுழித்துப் பக்கத்தின் ஓரம்வரை போனாள். அந்தப் பேனா இன்றும் அவளிடம் இருக்கிறது. மார்கழியில் அது மேசையிலிருந்து விழுந்து நிப்பு வளைந்தபோது மீண்டும் கொண்டுவந்தாள். என் தந்தை காலத்துத் தகர டப்பாவில் எஞ்சியிருந்த நிப்புகளில் ஒன்று அதற்குப் பொருந்தியதால் பேனா பிழைத்தது. அந்த டப்பா என்னிடம் இல்லாதிருந்தால், இரண்டு ரூபாய்ப் பொருள் ஒன்று கிடைக்காததற்காக நல்ல பேனா ஒன்று குப்பைக்குப் போயிருக்கும்.

அந்த டப்பாவில் இருப்பவை சாத்தூர் நிப்புகள். வைப்பாற்றங்கரையில் இருக்கும் சாத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இப்போது காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் அதே அளவு பெயர் பெற்ற ஊர் அது. தந்தையின் மிதிவண்டியில் பின்னால் உட்கார்ந்து நானும் அங்கே போயிருக்கிறேன். எஃகுத் தகட்டுச் சுருளை அச்சில் கொடுத்து இலை வடிவில் வெட்டுவதும், நடுவில் துளை போடுவதும், தட்டையாக இருந்ததைக் குழிவாக வளைப்பதும், நுனியைப் பிளப்பதும், சாணை பிடிப்பதும், மெருகேற்றுவதும் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் வேலையாகச் சின்னஞ்சிறு பட்டறைகளில் நடந்துகொண்டிருந்தன. கடைசியில் ஓர் அம்மாள் ஒவ்வொரு நிப்பையும் மையில் தோய்த்துத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, கீறினால் ஒருபுறமும் வழுக்கினால் மறுபுறமும் ஒதுக்குவார். தந்தை குரோஸ் கணக்கில், அதாவது 144 நிப்புகள் கொண்ட பொட்டலங்களாக, வாங்கி வருவார். எங்கள் கடையில் நிப்பு ஒரு டப்பா, நாக்கு ஒரு டப்பா, மூடி ஒரு டப்பா, கழுத்து ஒரு டப்பா என்று தனித்தனியே இருக்கும். பேனாவின் எந்த உறுப்பு கெட்டாலும் அதை மட்டும் மாற்றிக்கொண்டு போவார்கள். ஒரு பேனாவை அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து எழுதிப் பள்ளி முடித்த குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. விலை குறைந்த பேனா என்பதற்கு அன்று இருந்த பொருள் இதுதான்: வாங்குகிற நாளில் மட்டும் விலை குறைவு என்பதல்ல, ஐந்தாறு ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தாலும் விலை குறைவு.

பந்துமுனைப் பேனா, அதாவது பால்பாயிண்ட் பேனா, வந்தபின் நிப்புக்கு வேலை குறைந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் பிறகும் மைப் பேனா விற்பனை நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வண்ண வண்ண உடம்போடும் பொம்மைப் படங்களோடும் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் புதிய மைப் பேனாக்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு உதிரி நிப்பும் நாக்கும் மொத்த வியாபாரியிடமே கிடைப்பதில்லை. ஒரு நிறுவனத்தின் பேனாக்கள் இரண்டு டஜன் எனக்கு வந்ததில் ஏழு பேனாக்களின் நாக்கு கோணலாக இருந்தது. நாக்கை மட்டும் அனுப்பும்படி கேட்டதற்கு, பேனாவாகத்தான் தருவோம், உதிரியாகத் தரும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. ஏழு முழுப் பேனாக்களைக் குப்பையில் எறிந்துவிட்டு வேறு ஏழு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். பிள்ளைகளின் பொருளில் இப்படியொரு வழக்கத்தை நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.

நாக்கு என்னும் அந்தச் சிறு துண்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். மைப் பேனா ஒழுகாமல் எழுதுவதன் முழு இரகசியமும் அதில்தான் இருக்கிறது. குழாயிலிருந்து மை கீழே இறங்க வேண்டுமானால், இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் மை நின்றுவிடும். மிகுதியாகப் போனால் மை கொட்டிவிடும். அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மன் 1884ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற பேனாவில், நாக்கின் மேல் மெல்லிய காடிகளை வெட்டி, ஒரே பாதையில் மை இறங்கவும் காற்று ஏறவும் வழி செய்யப்பட்டிருந்தது. நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படிக்கும் நுண்புழை ஏற்றம், அதாவது மிக மெல்லிய இடைவெளியில் நீர்மம் தானாகவே ஊர்ந்து செல்வது, அந்தக் காடியிலும் நிப்பின் பிளவிலும் கண்ணெதிரே நடக்கிறது. ஆகவே நாக்கில் ஒரு பிசிறு இருந்தாலும், நிப்போடு அது ஒட்டி நிற்காமல் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் பேனா கெட்டதாகிவிடும். இதைச் சரிபார்த்து அனுப்ப ஆகும் செலவு மிகச் சிறியது. பொம்மைப் படம் அச்சிடும் செலவைக் குறைத்துக்கொண்டு இதற்குக் கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம்.

நல்ல பேனாவும் சில நேரம் மை கக்கும். அதற்கும் காரணம் உண்டு. மை கால்பங்குக்குக் கீழே போனபின், குழாயின் பெரும்பகுதியில் காற்றுதான் இருக்கும். பிள்ளையின் உள்ளங்கைச் சூட்டில், அதுவும் நம் சித்திரை வெயிலில், அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். கடைசிச் சொட்டுவரை எழுதித் தீர்க்க வேண்டும் என்று நினைக்காமல், கால்பங்கு இருக்கும்போதே மையை நிரப்பிவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இராது. மரை வழியாகக் கசிந்தால் மரையில் மெழுகுவர்த்தியை இலேசாகத் தேய்த்துத் திருகலாம். பதினைந்து நாளுக்கொருமுறை வெறும் தண்ணீரில் கழுத்தை அலசிக் காயவைக்க வேண்டும். இவற்றையெல்லாம் எங்கள் தலைமுறைக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. அண்ணன் செய்வதைத் தம்பி பார்த்துக் கற்றுக்கொண்டான். மை சிந்தினால் சாக்குக்கட்டியால் ஒற்றி எடுக்கவும், பக்கத்துப் பையனிடம் நான்கு சொட்டு மை கடன் வாங்கிப் பேனாவிலிருந்து பேனாவுக்குச் சொட்டச் சொட்ட எண்ணி ஊற்றவும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போனதால், இன்றைய இளம் பெற்றோருக்கே நிப்பைக் கழற்றலாம் என்பது தெரியவில்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பேனாவின் குழாயில் ஏறத்தாழ 2 மில்லி லிட்டர் மை பிடிக்கும். 60 மில்லி லிட்டர் புட்டி ஒன்றில் சுமார் 30 முறை நிரப்பலாம். வாரத்துக்கு இரண்டு முறை நிரப்புகிற பிள்ளைக்கு ஒரு புட்டி 15 வாரம், அதாவது ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் வரும். என் கடையில் எழுதித் தூக்கியெறியும் பேனா வாங்கும் மாணவர்கள் மாதத்துக்கு மூன்று நான்கு வாங்குகிறார்கள். தேர்வு மாதத்தில் அது இரட்டிப்பாகும். ஒரு வகுப்பில் 40 பேர் என்றால் ஒரே மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் குழாய்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குப்பைமேட்டுக்குப் போகின்றன. அண்டை மாநிலமான கேரளத்தில், பயன்படுத்தி முடித்த பேனாக்களைப் பள்ளிகளிலேயே சேகரிக்கும் திட்டத்தை அம்மாநில அரசின் ஹரித கேரளம் மிஷன் தொடங்கியது. சேகரிப்பது நல்ல செயல்தான். சேகரிக்க வேண்டிய அளவுக்குக் குப்பை சேராமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது அல்லவா?

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பந்துமுனைப் பேனாவில் பசை போன்ற கெட்டி மை இருப்பதால், பந்து உருள வேண்டுமென்றால் ஓரளவாவது அழுத்தியாக வேண்டும். மைப் பேனாவில் நிப்பு தாளைத் தொட்டாலே மை இறங்கும். அழுத்தினால் நிப்பு விரிந்து கெட்டுவிடும் என்பதால் பிள்ளை தானாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. நான் மருத்துவன் அல்லன், கல்வியாளனும் அல்லன். ஆனால் என்னிடம் நோட்டு வாங்க வரும் பிள்ளைகளின் பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. அழுத்தி எழுதியதால் மறுபக்கம் முழுவதும் புடைத்துக் குருடர் எழுத்தைப்போல் தட்டுப்படும் தாள்களைப் பார்த்திருக்கிறேன். நம் எழுத்துகளில் ணகரத்திலும் ஞகரத்திலும் இகரத்திலும் சுழியே பாதி. அந்தச் சுழிகளை இறுகப் பிடித்த கையால் போடும் பிள்ளைக்கு இரண்டு பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று ஆசிரியர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைக்கென்றே ஒரு பேனாவை நினைத்துச் செய்வது எப்படி என்பதற்கு வெளிநாடுகளில் நல்ல முன்மாதிரிகள் உள்ளன. ஜெர்மனியில் பெலிகன் நிறுவனம் 1960ஆம் ஆண்டிலேயே பள்ளி மாணவர்களுக்காகப் பெலிகானோ என்ற பேனாவைக் கொண்டுவந்தது. இடக்கையால் எழுதும் பிள்ளைகளுக்கு அதில் தனி நிப்பு உண்டு. நம் ஊரில் இடக்கைப் பிள்ளைகள் எழுதியதைத் தாங்களே கையால் துடைத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிப்பு நினைவுக்கு வரும். அதே நாட்டின் லாமி நிறுவனம் எழுதப் பழகும் குழந்தைகளுக்காக 1987இல் மர உடம்பு கொண்ட ஏபிசி பேனாவைச் செய்தது. அந்நிறுவனத்தின் பள்ளிப் பேனாக்களில் நிப்பை மட்டும் கழற்றிப் புதியது மாட்டிக்கொள்ளலாம். நிப்பு தனியே விற்கிறது. ஜப்பானின் பைலட் நிறுவனம் 2013இல் வெளியிட்ட காகுனோ பேனாவின் நிப்பில் ஒரு சிரித்த முகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த முகம் தன்னைப் பார்க்கும்படி பிடித்தால் பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறோம் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். சென்னையில் இருக்கும் என் மருமகன் வாங்கி வந்து காட்டியபோது அந்தச் சிறு முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவை நம் ஊர்க் கணக்கில் விலை கூடியவைதான். ஆனால் நிப்பைத் தனியே விற்பதற்கும் நிப்பில் ஒரு முகத்தைப் பொறிப்பதற்கும் பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை. நிப்பில் நிறுவனத்தின் பெயரைப் பொறிக்கிற அதே அச்சுதான் அந்த முகத்தையும் பொறிக்கும்.

ஆகவே தமிழ்நாட்டில் பேனா செய்வோருக்கும் விற்போருக்கும் என் முதல் வேண்டுகோள்: பள்ளி மாணவர்களுக்கென்று விற்கும் ஒவ்வொரு மைப் பேனாவுக்கும் உதிரி நிப்பும் நாக்கும் அதே கடையில் கிடைக்கச் செய்யுங்கள். கூடுமானால் எல்லாரும் ஒன்றிரண்டு அளவுகளுக்குள் நிப்பைச் செய்யுங்கள். அப்போது எந்த ஊர்க் கடைக்காரரும் இரண்டு டப்பா வைத்துக்கொண்டு எல்லாப் பேனாவையும் பிழைக்க வைக்க முடியும். தேவை பெருகினால் சாத்தூரில் இன்னும் கைவேலை மறக்காதவர்களுக்கும் பிழைப்பு கிடைக்கும்.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். பாடநூல், நோட்டுப் புத்தகம், சீருடை, புத்தகப் பை, காலணி, கணித உபகரணப் பெட்டி, வண்ணப் பென்சில், நிலவரைபட நூல் என்று பிள்ளைகளுக்கு வேண்டியவற்றை விலையில்லாமல் வழங்கிவரும் அரசு இது. ஆறாம் வகுப்பில் சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மைப் பேனா, ஒரு புட்டி மை, மை ஊற்றும் ஃபில்லர் ஒன்று, இரண்டு உதிரி நிப்பு ஆகியவற்றை அந்தப் பையில் சேர்த்துக் கொடுக்கலாம். கொள்முதல் விதிகளில், நிப்பும் நாக்கும் கழற்றி மாட்டக்கூடியனவாக இருக்க வேண்டும் என்றும், உதிரி உறுப்புகளைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு வழங்க நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டால், தரமற்ற பேனாக்கள் தாமாகவே விலகிவிடும். கூடவே, மை ஊறிப் பரவாத தாளில் நோட்டு தரப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பசை சரியாக ஏறாத தாளில் எவ்வளவு நல்ல நிப்பும் எழுத்தைக் கசிய விட்டுவிடும்.

தனியார் பள்ளிகள் சிலவற்றில், மைப் பேனாதான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தி, அதையும் பள்ளி அலுவலகத்திலேயே கூடுதல் விலைக்கு வாங்க வைக்கிறார்கள் என்று பெற்றோர் வந்து வருந்துகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மைப் பேனா பிடிக்காத பிள்ளை பந்துமுனைப் பேனாவில் எழுதட்டும். விரும்புகிற பிள்ளைக்கு, ஒழுகாத பேனா ஒன்று நியாயமான விலையில் கிடைக்க வேண்டும், அது கெட்டால் பழுது பார்க்க வழி வேண்டும் என்பதே நான் கேட்பது.

ஆசிரியப் பெருமக்களிடம் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. ஆறாம் வகுப்பில் ஜூன் மாதத்தில் ஒரு நாள், வாளித் தண்ணீரும் பழைய துணியும் வைத்துக்கொண்டு, பேனாவைக் கழற்றி, அலசி, நிப்பை நாக்கோடு பொருத்தி, மை ஊற்றி எழுதுவதைப் பிள்ளைகளையே செய்ய வைக்க வேண்டும். கை நீலமாகும், கழுவினால் போய்விடும். கழுவினால் போகக்கூடிய மையும் கடைகளில் கிடைக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் இருக்கும் எந்தப் பள்ளி அழைத்தாலும், சனிக்கிழமை பிற்பகலில் கடையை என் மகனிடம் விட்டுவிட்டு வந்து இதைச் செய்துகாட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் தந்தையின் டப்பாவில் இன்னும் இரண்டு பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறது. பிள்ளைகள் பழகுவதற்கு அந்த நிப்புகளைக் கொண்டுவருகிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
எழுதுபொருள் கடைக்காரர்,
விருதுநகர் மாவட்டம்.